ஆர் மென்பொருளில் முதல் தரவு வரைபடம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தரவு வரைபடம், அதாவது நாடுகளின் படத்தில் எண்களை நிறமாகக் காட்டும் வரைபடம், போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. தவறாகப் போட்டாலும் அழகாகவே வரும். கட்டளையில் ஒரு எழுத்து பிசகினால் மென்பொருள் சிவப்பில் கத்தும். ஆனால் ஒரு நாட்டின் எண் இன்னொரு நாட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டால் அது வாயே திறக்காது. பளபளவென்று படம் வரும், நாமும் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவோம். பிறகு யாராவது ஒருவர், “நார்வே ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது?” என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரைகிற கட்டளைகள் கொஞ்சம்தான் இருக்கும். வரைவது உண்மையில் மூன்று வரி வேலை. அதற்கு முன்னால் எண்களை எல்லைகளோடு ஒட்டுவதும், அதற்குப் பின்னால் நிறத்தை முடிவு செய்வதும்தான் நேரத்தைத் தின்னும். சத்தமில்லாமல் தவறுகள் நுழைவதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

கருவியாக ஆர் மொழியை எடுத்துக்கொள்கிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. முழுக்க இலவசம். மவுசால் கிளிக் செய்தே வரைபடம் போடும் மென்பொருள்களும் இருக்கின்றன, மோசமில்லை. ஆனால் அவற்றில் போன மாதம் எதைக் கிளிக் செய்தோம் என்பது இந்த மாதம் நினைவிருக்காது. ஆரில் ஒவ்வொரு அடியும் எழுத்தாக இருப்பதால், தவறு எங்கே நுழைந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றே: உலக நாடுகளின் மக்கள் நெருக்கம். அதாவது ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர்.

நிறுவ வேண்டியவை

முதலில் ஆர், அதன் மேல் ஆர்ஸ்டூடியோ. இந்த வரிசையில் நிறுவுங்கள். ஆர்ஸ்டூடியோ என்பது எழுதுவதற்கான மேசை மாதிரி, கணக்குப் போடுவது ஆர்தான். பிறகு ஐந்து பேக்கேஜ்கள் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைத் தொகுப்புகள்) வேண்டும். நிலவடிவங்களைக் கையாள எஸ்எஃப், வரைய ஜிஜிபிளாட்2, அட்டவணைகளை ஒட்ட டிபிளையர், கோப்பைப் படிக்க ரீடர், உலக எல்லைகளுக்கு ஆர்நேச்சுரல்எர்த். கடைசியாகச் சொன்னதோடு ஆர்நேச்சுரல்எர்த்டேட்டா என்பதையும் சேர்த்து நிறுவிவிடுங்கள், எல்லைகள் அதற்குள்தான் இருக்கின்றன.

விண்டோஸ், மேக் கணினிகளில் இதெல்லாம் சிக்கலின்றி முடிந்துவிடும். லினக்ஸில் எஸ்எஃப் நிறுவும்போது தகராறு செய்தால், ஜிடால், ஜியோஸ், புரோஜ் என்ற மூன்று நூலகங்களைக் கணினியில் முதலில் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

இணையத்தில் தேடினால் பழைய பாடங்கள் நிறையக் கிடைக்கும். ஆர்ஜிடால், மேப்டூல்ஸ், ஆர்ஜியோஸ் என்ற பெயர்களைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அந்த மூன்றுக்கும் 2023 அக்டோபரில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வேலை முழுவதையும் எஸ்எஃப் பார்த்துக்கொள்கிறது.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன். கட்டளைகளிலும் நெடுவரிசைப் பெயர்களிலும் இரண்டு சொற்களுக்கு நடுவே நான் இடைவெளி விட்டிருந்தால் ஆரில் அது அடிக்கோடு. ஆர்ஸ்டூடியோவில் முதல் மூன்று எழுத்தைத் தட்டினாலே மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கும்.

எல்லைகள் எங்கிருந்து வருகின்றன

வரைபடத்துக்கு இரண்டு சரக்கு தேவை. ஒன்று, எந்த நாடு எந்த வடிவத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எல்லைக் கோப்பு. இன்னொன்று, எந்த நாட்டுக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணை. இரண்டும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காரியத்துக்காகத் தயாரித்தவை. ஒன்றுக்கொன்று அறிமுகமே கிடையாது. சேர்த்துவைப்பது நம் பொறுப்பு.

எல்லைகளுக்கு நேச்சுரல் எர்த் என்ற இலவச உலக வரைபடத் தரவு நல்ல தொடக்கம். மூன்று அளவுகளில் கிடைக்கிறது: ஒன்றுக்கு 11 கோடி, 5 கோடி, 1 கோடி. எண் சிறிதாக ஆக ஆக நுணுக்கம் கூடும். பேக்கேஜில் ‘என்இ கண்ட்ரீஸ்’ என்ற கட்டளைக்கு ஸ்கேல் 110 அல்லது 50 என்று கொடுத்தால் எல்லைகள் வந்துவிடும். கூடவே, திருப்பித் தரும் வடிவம் எஸ்எஃப் ஆக இருக்கட்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

110 என்பது மிக எளிமையாக்கப்பட்ட உலகம். படம் சீக்கிரம் வரும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் அதில் சிங்கப்பூர் கிடையாது, மொனாகோ கிடையாது, மாலத்தீவு கிடையாது. அந்த அளவில் புள்ளியாகக்கூடத் தெரியாது என்று விட்டுவிட்டார்கள். நியாயம்தான், ஆனால் உங்கள் தரவில் சிங்கப்பூருக்கு எண் இருந்தால் அது எந்தச் சத்தமும் இல்லாமல் காணாமல்போகும். நாம் 50ஐ எடுத்துக்கொள்வோம்.

வந்ததைத் திறந்து பாருங்கள். சாதாரண அட்டவணை மாதிரியே இருக்கும். ஒரு வரிசைக்கு ஒரு நாடு, பெயர், கண்டம், குறியீடு என்று ஏகப்பட்ட நெடுவரிசைகள். கடைசியில் ஜியோமெட்ரி என்று ஒன்று இருக்கும். நாட்டின் ஓரத்தைச் சுற்றிவரும் புள்ளிகள் எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இதுதான் எஸ்எஃபின் அழகு. வரைபடம் என்பது ஒரு நெடுவரிசை கூடுதலாக உள்ள அட்டவணை, அவ்வளவே. அட்டவணையை வடிகட்டத் தெரிந்தால் வரைபடத்தையும் வடிகட்டலாம். அண்டார்க்டிகாவை இப்போதே வடிகட்டித் தள்ளிவிடுங்கள். மக்கள் நெருக்கத்துக்கு அது தேவையில்லை, படத்தின் அடிப்பகுதியை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும்.

வேறு இடத்திலிருந்து எல்லைக் கோப்பு எடுத்தால் பெரும்பாலும் ஷேப்ஃபைலாக இருக்கும். பெயர்தான் ஒருமை. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே என்று ஒரே பெயரில் வழக்கமாக நாலு கோப்புகள் சேர்ந்ததுதான் அது. நண்பருக்கு அனுப்பும்போது எஸ்எச்பியை மட்டும் அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாலையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ‘ரீட் எஸ்எஃப்’ கட்டளைக்கு எஸ்எச்பியின் பெயரைக் கொடுத்தால் மற்றதை அது கூட்டிக்கொள்ளும். இன்னொன்று: ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயர் 10 எழுத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வெட்டிவிடும். நீங்கள் சேமிக்கும்போது ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமித்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எல்லைக்கோடு அரசியல் விஷயம் என்பதையும் மறக்க வேண்டாம். நேச்சுரல் எர்த் பொதுவாக, களத்தில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதன்படி கோடு போடுகிறது. எல்லா அரசுகளும் அதை ஏற்பதில்லை. படத்தை வெளியிடப்போகிற நாட்டின் அதிகாரபூர்வ எல்லை எது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்கள் உள்ள அட்டவணை

மக்கள் நெருக்கத்துக்கு உலக வங்கியின் தரவை சிஎஸ்வி (காற்புள்ளியால் மதிப்புகளைப் பிரித்து எழுதிய) கோப்பாக இறக்கலாம். அப்படியே படித்தால் குழப்பமாக வரும். தலைப்பு வரிக்கு மேலே, எங்கிருந்து எடுத்தது, எப்போது புதுப்பித்தது என்று நாலு வரி இருக்கிறது. ‘ரீட் சிஎஸ்வி’ கட்டளையில் முதல் நாலு வரியைத் தாண்டிப் படி என்று சொல்ல வேண்டும். அப்புறம், 1960 முதல் ஆண்டுக்கு ஒரு நெடுவரிசையாகப் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். நமக்கு ஓர் ஆண்டு போதும். 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசையின் பெயர் எண்ணில் தொடங்குவதால் அதைச் சாய்ந்த ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துத்தான் அழைக்க முடியும். விசைப்பலகையில் 1க்கு இடப்பக்கம் இருக்கும் குறி அது. உடனே அதற்கு ‘நெருக்கம்’ என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்துவிடுங்கள், பிறகு தொல்லையில்லை.

கோப்பை இறக்கியதும் எக்செலில் ஒரு தடவை திறந்து பார்த்துச் சேமிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். நாடுகளுக்கு எழுத்துக் குறியீடு என்பதால் இங்கே பிழைத்தோம். நாட்டுக்குள்ளே மாநிலம், மாவட்டம் என்று போனால் குறியீடு எண்ணாக இருக்கும். 007 என்று இருந்ததை எக்செல் 7 ஆக்கிச் சேமித்துவிடும். எல்லைக் கோப்பில் 007, உங்களிடம் 7, ஒட்டாது. குறியீட்டு நெடுவரிசையை எப்போதும் எழுத்தாகப் படி என்று ஆரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டையும் ஒட்டுதல்

இந்த வேலையில் பாதி இங்கேதான்.

பெயரை வைத்து ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓர் அட்டவணையில் எகிப்து என்று இருக்கும், இன்னொன்றில் எகிப்து அரபுக் குடியரசு என்று இருக்கும். கொரியா இரண்டு, காங்கோ இரண்டு. ஸ்வாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது. மாசிடோனியா 2019இல் வடக்கு மாசிடோனியா ஆனது. தோராயமாகப் பெயர் பொருத்தும் கருவிகளை நம்பினால் இன்னும் ஆபத்து. கினியா, கினியா பிசாவு, ஈக்குவடோரியல் கினியா, பப்புவா நியூ கினியா என்று நாலு நாடுகள் இருக்கின்றன. நைஜரும் நைஜீரியாவும் இரண்டு எழுத்து வித்தியாசம்.

இதற்காகத்தான் ஐஎஸ்ஓ 3166 என்ற தரத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டெழுத்தில் ஒன்று, மூன்றெழுத்தில் ஒன்று. மூன்றெழுத்தைப் பயன்படுத்துங்கள். ஏன் என்றால் நமீபியாவின் இரண்டெழுத்துக் குறியீடு ‘என்ஏ’. ஆர் மொழியில் ‘என்ஏ’ என்றால் மதிப்பு இல்லை என்று பொருள். கோப்பைப் படிக்கும்போதே நமீபியாவின் குறியீட்டை வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டுவிடும். ஒரு நாடே காணாமல்போகும், எச்சரிக்கை ஒன்றும் வராது.

நேச்சுரல் எர்த் பக்கத்திலும் ஒரு வலை இருக்கிறது. அதில் ‘ஐஎஸ்ஓ ஏ3’ என்ற நெடுவரிசையில் பிரான்சுக்கும் நார்வேக்கும் குறியீட்டுக்குப் பதில் -99 என்று போட்டிருக்கும். முதல் பத்தியில் சொன்ன சாம்பல் நிற நார்வே இங்கிருந்துதான் வந்தது. நான் நெடுவரிசையின் பெயரைப் பார்த்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பக்கத்திலேயே ‘ஐஎஸ்ஓ ஏ3 இஎச்’ என்று இன்னொன்று உண்டு. அதில் இரண்டு நாடுகளுக்கும் சரியான குறியீடு இருக்கும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஒட்டலாம். டிபிளையரின் ‘லெஃப்ட் ஜாயின்’ கட்டளை. முதலில் வரைபடம், இரண்டாவது அட்டவணை. இந்த வரிசை முக்கியம். மாற்றிக் கொடுத்தால் வரைபடத் தன்மை போய் வெறும் அட்டவணையாகத் திரும்பும்.

ஒட்டியதும் உடனே வரைந்து பார்க்கக் கை பரபரக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

முதலாவது, வரிசைகளின் எண்ணிக்கை. ஒட்டுவதற்கு முன்பு வரைபடத்தில் எத்தனை வரிசையோ, பின்பும் அத்தனையே இருக்க வேண்டும். கூடியிருந்தால் அட்டவணையில் ஏதோ ஒரு குறியீடு இரண்டு தடவை இருக்கிறது. அந்த நாட்டை ஆர் இரண்டு தடவை, ஒன்றன் மேல் ஒன்றாக வரையும். மேலே உள்ள நிறம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஒட்டாதவை எவை. ‘ஆன்டி ஜாயின்’ என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. இரு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தில் இருந்து அட்டவணையில் இல்லாதவை ஒரு பட்டியல், அட்டவணையில் இருந்து வரைபடத்தில் இல்லாதவை இன்னொரு பட்டியல். இரண்டாவது பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உலக வங்கியின் கோப்பில் ‘உலகம்’, ‘அரபு உலகம்’ என்று தொகுப்பு வரிசைகளும் நாடுகளோடு நாடுகளாகக் கலந்திருக்கின்றன. அவை ஒட்டாமல் போவதே நல்லது. முதல் பட்டியலில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் காரணம் தெரியும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது சோதனைக்குக் கட்டளையே வேண்டாம். உங்களுக்கு ஓரளவு தெரிந்த மூன்று நாடுகளை எடுத்துப் பாருங்கள். மங்கோலியா 2 என்ற அளவில் இருக்க வேண்டும், ஆஸ்திரேலியா 3, வங்கதேசம் ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 300 என்று வந்தால் எங்கோ வரிசை புரண்டிருக்கிறது.

முதல் படம்

மூன்று வரி என்றேன் அல்லவா. ‘ஜிஜிபிளாட்’ கட்டளையில் தரவின் பெயர். கூட்டல் குறி. அடுத்த வரியில் ‘ஜியோம் எஸ்எஃப்’, அதற்குள் ‘ஏஇஎஸ்’ என்ற அடைப்புக்குள் ஃபில் என்றால் நெருக்கம் என்று சொல்லுங்கள். மறுபடி கூட்டல் குறி. மூன்றாவது வரியில் ‘தீம் வாய்ட்’, பின்னணிக் கட்டங்களை அது துடைத்துவிடும். ஓட்டினால் உலகம் வந்து நிற்கும்.

இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது விழும் இரண்டு குழிகள். கூட்டல் குறி வரியின் கடைசியில் வர வேண்டும். அடுத்த வரியின் தொடக்கத்தில் போட்டால், முதல் வரியோடு வாக்கியம் முடிந்தது என்று ஆர் நினைத்துக்கொண்டு வெறும் பலகையைக் காட்டும். இன்னொன்று, எல்லா நாட்டுக்கும் ஒரே நீல நிறம் வேண்டும் என்று நீலத்தை ‘ஏஇஎஸ்’க்குள் எழுதினால் நாடுகள் இளஞ்சிவப்பாக வரும். அடைப்புக்குள் இருப்பது தரவு, வெளியே இருப்பது அலங்காரம். உள்ளே எழுதிய நீலம் என்ற சொல்லை அது ஒரு வகையின் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் வகைக்கு வழக்கமாகக் கொடுக்கும் இளஞ்சிவப்பைக் கொடுத்துவிடுகிறது.

எல்லைக்கோட்டின் தடிமனை 0.1க்குக் குறைத்துவிடுங்கள். தானாக வரும் தடிமனில் ஐரோப்பா முழுக்கக் கோடாகத்தான் தெரியும்.

எல்லாமே ஒரே நிறமாக ஏன் இருக்கிறது?

முதல் படம் உங்களை ஏமாற்றியிருக்கும். உலகம் முழுக்க ஒரே கரு நீலம், எங்கும் வித்தியாசமே இல்லை. கோளாறு எதுவும் இல்லை. மக்காவ், மொனாகோ போன்ற இடங்களில் நெருக்கம் 20,000ஐ ஒட்டி வரும். சிங்கப்பூரில் ஏறக்குறைய 8,000. ஆர் தானாகச் செய்வது என்னவென்றால், மிகச் சிறிய எண்ணிலிருந்து மிகப் பெரிய எண் வரை நிறத்தைச் சீராகப் பரப்புவது. வங்கதேசமே அந்த ஏணியில் அடிப்படியைத் தாண்டவில்லை என்றால் மற்ற நாடுகளைக் கேட்கவா வேண்டும்? உலகப் படத்தில் கண்ணுக்கே தெரியாத இரண்டு இடங்கள் சேர்ந்து மொத்த உலகத்தையும் ஒரே நிறமாக அடித்துவிட்டன. சுவாரசியம் என்னவென்றால், 110 அளவை எடுத்திருந்தால் அந்தக் குட்டி இடங்கள் விழுந்துபோய் படம் இதைவிட நன்றாக வந்திருக்கும். தவறான காரணத்துக்காகச் சரியாக வருவது என்பது இதுதான்.

சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, மடக்கை அளவுகோல். நிற அளவுகோலில் லாக்10 என்று சொன்னால் 1, 10, 100, 1000 ஆகியவை சம தூரத்தில் நிற்கும். வேலை நடந்துவிடும், ஆனால் பொது வாசகருக்குப் புரியவைப்பது கடினம். இன்னொன்று, எண்களை வகுப்புகளாக வெட்டுவது. நான் பெரும்பாலும் இதையே செய்வேன்.

எங்கே வெட்டுவது? படத்தின் கதையே இதில்தான் மாறுகிறது. எண் வரம்பைச் சம துண்டுகளாக வெட்டினால் முதல் துண்டிலேயே எல்லா நாடுகளும் போய்விடும், பழைய பிரச்சினைதான். ஒவ்வொரு வகுப்பிலும் சம எண்ணிக்கையில் நாடுகள் வருமாறு வெட்டினால் படம் வண்ணமயமாக இருக்கும், ஆனால் ஏறக்குறைய ஒரே எண் உள்ள இரண்டு நாடுகள் கோட்டின் இரு பக்கமும் பிரிந்து வேறு வேறு நிறமாகிவிடும். ஜார்ஜ் ஜென்க்ஸ் என்ற அமெரிக்க வரைபடவியலாளர் காட்டிய வழி, எண்களுக்கு நடுவே இயல்பாக இடைவெளி விழும் இடங்களில் வெட்டுவது. கிளாஸ்இன்ட் என்ற பேக்கேஜில் இந்த மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒரே தரவிலிருந்து மூன்று வேறு உலகங்கள் வருவதைப் பார்த்த பிறகு, பிறர் போட்ட வரைபடத்தை அப்படியே நம்பத் தோன்றாது.

மக்கள் நெருக்கத்துக்கு நான் கையாலேயே வெட்டுவேன்: 10, 50, 100, 250, 500. வாசகர் தலையில் நிற்கிற முழு எண்கள். ‘கட்’ கட்டளையில் இந்த எண்களைக் கொடுத்து, இரு முனைகளிலும் பூஜ்யத்தையும் முடிவிலியையும் சேர்த்துவிட்டால் ஆறு வகுப்புகள் கிடைக்கும். ஏழுக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் குறிவிளக்கத்தில் உள்ள நிறம் எது, படத்தில் உள்ள நிறம் எது என்று கண் தடுமாறும்.

நிறத்துக்கு வருவோம். குறைவிலிருந்து நிறைய என்று ஒரே திசையில் போகும் தரவுக்கு வெளிறலிலிருந்து அடர்த்தி வரை ஒரே போக்கில் போகும் நிறங்கள். நடுவில் ஓர் அர்த்தமுள்ள புள்ளி இருந்தால், உதாரணமாக மக்கள்தொகை கூடியதா குறைந்ததா என்றால், நடுவில் வெளிறி இரு முனையிலும் அடரும் இரட்டை நிறம். வானவில் நிறங்கள் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பெரிதா பச்சை பெரிதா என்று யாருக்கும் தெரியாது. சிந்தியா புரூவர் என்ற வரைபடவியலாளர் இதற்கென்றே தேர்ந்தெடுத்த கலர்புரூவர் நிறத்தட்டுகள் ஜிஜிபிளாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. விரிடிஸ் தட்டும் இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவருக்கு நிறம் பிரித்தறிவதில் குறை உண்டு, அதில் பெரும்பாலானவை சிவப்பு, பச்சை சார்ந்தவை.

தரவு இல்லாத நாட்டுக்கு வெளிர் சாம்பல் கொடுத்து, குறிவிளக்கத்திலும் ‘தரவு இல்லை’ என்று ஒரு கட்டம் வையுங்கள். வெள்ளை கொடுத்தால் வாசகர் பூஜ்யம் என்று படிப்பார். இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல.

உருண்டையைத் தட்டையாக்குவது

பூமி உருண்டை, திரை தட்டை. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் அழுத்தினால் எங்காவது கிழியும், எங்காவது இழுபடும். எங்கே இழுபட விடுவது என்ற தேர்வுதான் புரொஜெக்‌ஷன். ஜெரார்டஸ் மெர்கேட்டர் 1569இல் போட்ட முறை கப்பலோட்டிகளுக்கானது. திசை காட்டுவதில் கெட்டி. ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க ஊதிப்பெருகும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது.

நிறம் பூசும் வரைபடத்தில் பரப்பளவுதான் கண்ணில் முதலில் படுகிறது. அதனால் பரப்பைக் காப்பாற்றும் முறையைத்தான் எடுக்க வேண்டும். 2018இல் வந்த ஈக்வல் எர்த் எனக்குப் பிடித்தது. ‘கோஆர்ட் எஸ்எஃப்’ கட்டளையில் சிஆர்எஸ் (இடங்களை எந்த அளவு முறையில் குறிப்பது என்று சொல்லும் எண்) 8857 என்று கொடுத்தால் போதும்.

சிஆர்எஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘எஸ்டி செட் சிஆர்எஸ்’, ‘எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம்’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவது பெயர்ச்சீட்டு ஒட்டுவது மட்டும், எண்களைத் தொடாது. இரண்டாவது எண்களையே புதிதாகக் கணக்கிடும். அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள கோப்பின் சிஆர்எஸ் எண் வழக்கமாக 4326. அதன் எண்கள் 180ஐயும் 90ஐயும் தாண்டாது. மீட்டரில் உள்ள கோப்பில் லட்சங்களில் எண்கள் இருக்கும். டிகிரியில் உள்ள கோப்பின் மேல் மீட்டர் முறையின் சீட்டை ஒட்டினால் உலகம் முழுக்க ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கிவிடும். படத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இடங்களைப் புள்ளியாகக் குறிக்கும்போது எல்லாம் இடம் மாறி விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறியிருக்கும். எஸ்எஃபுக்கு முதலில் தீர்க்கரேகை. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினியா வளைகுடாவில் புள்ளிகள் குவிந்திருந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. முகவரி தெரியாத வரிசைகளில் யாரோ இரண்டிலும் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு ‘நல் ஐலண்ட்’ என்று செல்லப்பெயரே உண்டு.

நிறமா, வட்டமா?

நெருக்கம் என்பது விகிதம், அதனால் நிறம் பூசினோம். மொத்த மக்கள்தொகையாக இருந்தால் நிறம் பூசக்கூடாது. எண்ணிக்கைக்கு நிறம் பூசினால் பெரிய நாடு பெரிதாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எண்ணிக்கைக்கு வட்டங்கள். ஒவ்வொரு நாட்டின் நடுவிலும் ஒரு வட்டம், அதன் பரப்பு எண்ணுக்கு ஏற்ப. ‘ஸ்கேல் சைஸ் ஏரியா’ இதைச் சரியாகச் செய்யும். ஆரத்தை எண்ணுக்கு ஏற்ப மாற்றினால் இரண்டு மடங்கு எண் நாலு மடங்கு பரப்பாகிவிடும்.

நடுப்புள்ளி எடுக்க ‘எஸ்டி சென்ட்ராய்ட்’ பயன்படுத்தினால் பிரான்சின் வட்டம் ஸ்பெயினில் போய் உட்காரும். தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவும் இந்தக் கோப்பில் பிரான்சோடு சேர்ந்த வடிவம் என்பதால் நடுப்புள்ளி அந்தப் பக்கம் இழுபடுகிறது. ‘எஸ்டி பாயின்ட் ஆன் சர்ஃபேஸ்’ என்றால் புள்ளி நாட்டுக்குள்ளேயே விழும். ‘எட்ஜ் கிராசஸ் எட்ஜ்’ என்று பிழை வந்தால் ‘எஸ்டி மேக் வேலிட்’ ஒரு தடவை ஓட்டுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நிறம் பூசிய படத்திலும் அந்த கயானாக் காடு பிரான்சின் நிறத்தில்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? எகிப்தும் அப்படித்தான். மக்கள் கிட்டத்தட்ட எல்லோரும் நைல் நதியை ஒட்டி நெருக்கியடித்து வாழ்கிறார்கள், பாலைவனம் காலியாகக் கிடக்கிறது. படம் இரண்டுக்கும் சராசரி போட்டு ஒரே நிறம் அடித்துவிடும். இதை ஆரில் சரிசெய்ய முடியாது. இன்னும் சிறிய பகுதிகளுக்கான தரவு கிடைத்தால்தான் உண்டு.

தமிழ் எழுத்தும் சேமிப்பும்

‘லேப்ஸ்’ கட்டளையில் தலைப்பு, குறிவிளக்கத்தின் தலைப்பு, கீழே தரவு எங்கிருந்து என்ற வரி. தலைப்பில் ஆண்டு கட்டாயம் வேண்டும். அலகும் வேண்டும்: ‘ஒரு சதுர கி.மீ.க்கு எத்தனை பேர்’.

தமிழில் தலைப்பு வைத்தால் சில கணினிகளில் கட்டம் கட்டமாக வரும், அல்லது ‘நெருக்கம்’ என்பதில் கொம்பு ‘ந’வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தும் சிலருக்குத் தீராது. கோளாறு பெரும்பாலும் எழுத்துருவில் இல்லை, படத்தை வரையும் பொறியில் இருக்கிறது. ராக் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். பிறகு ஆர்ஸ்டூடியோவின் பொது அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் பேக்எண்டை ஏஜிஜி என்று மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு யூனிகோடு எழுத்துருவைத் தீமில் குறிப்பிடுங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

சேமிக்க ‘ஜிஜிசேவ்’. ராக் இருந்தால் பிஎன்ஜி படத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளும். திரையில் வலது கிளிக் செய்து நகலெடுக்காதீர்கள். அகலம், உயரம், 300 டிபிஐ என்று எழுதிச் சேமித்தால் எப்போது ஓட்டினாலும் அதே அளவு. சேமித்ததை ஒரு தடவை ஃபோனில் திறந்து பாருங்கள், ஒரு தடவை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஃபோனில் குறிவிளக்கத்தின் எழுத்து படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்கத் தேவையில்லை, ‘ஜிஜிசேவ்’இல் அகலத்தையும் உயரத்தையும் குறைத்தால் எழுத்து தானாகப் பெரிதாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டு வகுப்புகள் ஒன்றாகக் கலந்தால் நிறத்தட்டை மாற்றுங்கள்.

கட்டளைக் கோப்பையும் படத்தின் பெயரிலேயே, அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். வேறு ஆண்டுக்குப் படம் வேண்டுமென்றால் 2020 என்று இருக்கும் இடத்தையும் தலைப்பையும் மாற்றி ஓட்டினால் போதும். ஆனால் அந்த மூன்று சோதனைகளை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.